மறுக்கத் துணிந்தவருக்கு ஒரு வாக்கு

தேர்தல் காலத்தில் தமிழ் மொழியிலிருந்து ஒரு சொல் காணாமற் போய்விடுகிறது. ‘இல்லை’ என்பதே அச்சொல். சட்டமன்றத் தேர்தல் நாள் அறிவிக்கப்பட்டதிலிருந்து வாக்குப்பதிவு முடியும்வரை எந்த வேட்பாளரும் அதை உச்சரிப்பதில்லை. பட்டா வேண்டுமா? கிடைக்கும். ஏரிக்கரையை ஒட்டிச் சாலை வேண்டுமா? போடப்படும். ஆழ்துளைக் கிணற்றுக்கு மின் இணைப்பு வேண்டுமா? பதவியேற்ற மறுவாரமே வந்துவிடும். கேட்கிறவர்களுக்கும் இது பொய் கலந்த உறுதிமொழி என்று தெரியும், சொல்கிறவர்களுக்கும் தெரியும். எனினும் அந்தச் சில வாரங்களில் ‘ஆகட்டும்’ என்ற சொல்லைக் கேட்பதில் நமக்கு ஓர் இன்பம் இருக்கவே செய்கிறது. ஐந்தாண்டுகள் அலுவலக வாயில்களில் கைகட்டி நின்றவர்களுக்கு அது இயல்பானதே.

இந்நிலையில், நம்முடைய நன்மைக்காகவே நமக்கு ஒன்றை மறுக்கப் போவதாகச் சொல்லும் ஒருவர் வாக்குக் கேட்டு நம் தெருவுக்கு வந்தால் நாம் என்ன செய்வோம் என்பதே இங்கு ஆராய விரும்பும் வினா. காலநிலை மாற்றம், மலை, நீர்நிலை, காடு என்று சுற்றுப்புறச் சூழலைப் பற்றி எழும் பேச்செல்லாம் இறுதியில் இந்த வினாவில்தான் வந்து முட்டுகிறது. மரம் நடுவதற்கு எந்தக் கட்சியும் எதிரியன்று; எல்லாத் தேர்தல் அறிக்கைகளிலும் பசுமைக்குரிய பக்கம் ஒன்று உண்டு. நடுகின்ற மரத்தைப் பற்றிய பக்கம் அது. கட்டக் கூடாத இடத்தில் கட்டாதே, தோண்டக் கூடாத மலையைத் தோண்டாதே, மூடக் கூடாத ஏரியை மூடாதே என்று சொல்லும் பக்கத்தைத்தான் நாம் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

காலநிலை மாற்றம் உலக மாநாடுகளில் பேசித் தீர்க்க வேண்டியது, அதற்கும் நம் தொகுதிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்பர். நம் அரசியலமைப்பு அதற்கு விடை தருகிறது. நிலமும் நீரும் உள்ளாட்சியும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. காடு 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டாலும், அதைக் காக்கும் அதிகாரிகள் மாநில அரசின் ஊழியர்களே. எந்தச் சரிவில் வீடு எழலாம், எந்தப் புறம்போக்குக்குப் பட்டா தரலாம், எந்தப் பாறையை உடைத்து ஜல்லியாக்கலாம் என்பவற்றை முடிவு செய்கிற அரசைத்தான் சட்டமன்றத் தேர்தலில் நாம் அமைக்கிறோம்.

வினாவை அந்தரத்தில் நிறுத்துவதைவிட ஓர் ஊரில் நிறுத்திப் பார்ப்பது நலம். அடி அண்ணாமலையை எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலையின் பெரிய கோவில் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. அடி அண்ணாமலை மலையைச் சுற்றிக்கொண்டு மேற்குப் புறத்தில் இருக்கிறது. கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர். முழுநிலவு இரவுகளில் நம் இந்துச் சகோதரர்கள் இலட்சக்கணக்கில் அவ்வழியே நடக்கிறார்கள். அடி அண்ணாமலைக்கு வந்து சேரும்போது அவர்கள் பாதி வழியைக் கடந்திருப்பார்கள். கால் வலி தொடங்கும் இடம் அது என்று விளையாட்டாகச் சொல்வதுண்டு.

ஏறத்தாழ 2,668 அடி உயரமுள்ள இந்த மலை ஒரு காலத்தில் பெரும்பாலும் மொட்டைப் பாறையாகவும் காய்ந்த புல்லாகவும் நின்றது. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் காடு கரைந்துவிட்டிருந்தது. 1980களின் இறுதியில் உள்ளூர் மக்களும் வெளியிலிருந்து வந்து தங்கியவர்களும் சேர்ந்து கன்றுகள் நடத் தொடங்கினர். ஒவ்வொரு கோடையிலும் புல்லில் தீப்பிடிக்கும், முந்தைய ஆண்டு நட்டவற்றில் ஒரு பகுதி கருகும், மீண்டும் நடுவார்கள். தீ பரவாதிருக்கப் புல்லை வெட்டி இடைவெளிக் கோடுகள் அமைப்பார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த இந்த உழைப்பினால் மலையின் சில பக்கங்கள் இன்று பச்சையாகத் தெரிகின்றன. இவ்வேலையில் ஈடுபட்டோரில் சிலருக்கு நம் நாட்டில் வாக்குரிமையே இல்லை என்பதை இடையே குறித்து வைப்போம். வாக்குரிமை இல்லாதவர்கள் மரம் நட்டார்கள். வாக்குரிமை உள்ள நாம் மலையைச் சுற்றியுள்ள நிலத்தை மனைகளாகப் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பின்னும் அது விரைந்து நகரவில்லை. விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. அடுத்த நாள் கணக்கில் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். இவ்விரு ஊர்களுக்கும் இடையில் இருக்கிறது திருவண்ணாமலை. டிசம்பர் 1ஆம் நாள் மாலை, மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின் மேல் விழுந்தன. அதனுள் சிக்கி இறந்தவர்கள் ஏழு பேர். அவர்களில் ஐவர் குழந்தைகள். உடல்களை மீட்க மீட்புப் படையினருக்கு ஒரு நாளுக்கும் மேலாயிற்று.

இறந்த ஐந்து குழந்தைகளில் எவருக்கும் வாக்கு இல்லை என்பதே நம் சிந்தனையை உறுத்துகிறது.

இச்சாவுகளுக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று மழை. 2024ஆம் ஆண்டில் உலகின் சராசரி வெப்பம், தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஏறத்தாழ 1.55 டிகிரி செல்சியஸ் கூடியிருந்ததாக உலக வானிலை அமைப்பு அறிவித்தது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு அதிகமான நீராவியைத் தாங்கும். ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. இந்த வெப்பத்தில் நம் பங்கு சிறியது. ஓர் இந்தியர் சராசரியாக ஆண்டுக்கு வெளியேற்றும் கரியமில வாயு 2 டன் அளவு; ஓர் அமெரிக்கரின் கணக்கு அதைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு. எனவே ‘யாரோ செய்த வினைக்கு நாங்களா பொறுப்பு?’ என்று திருவண்ணாமலைக்காரர் கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. உலக அரங்கில் நம் அரசு அதைக் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் இரண்டாவது காரணம் நிலம். எங்கே மழை கொட்டும் என்பதைத் திருவண்ணாமலை வாக்காளர் தீர்மானிக்க முடியாது. கொட்டும் மழைக்குக் கீழே யார் உறங்கிக்கொண்டிருப்பார்கள் என்பதைத் தீர்மானிப்பதில் அவருக்குப் பங்கு உண்டு.

ஒரு மலைச்சரிவில் குடியிருப்பு எவ்வாறு உருவாகிறது? குறிப்பிட்ட எந்த வீட்டையும் சுட்டாமல், தமிழகத்தின் மலையடிவாரங்களிலும் ஏரிக்கரைகளிலும் ஆற்றுப் புறம்போக்குகளிலும் பொதுவாக நடப்பதைச் சொல்வோம். ஊருக்குள் வாடகை கொடுக்க இயலாத ஒரு குடும்பம் முதலில் ஓலைக் கொட்டகை போடுகிறது. அகற்ற வரும் அதிகாரியிடம் வட்டாரப் பிரமுகர் ஒருவர் பேசுகிறார், அதிகாரி திரும்பிவிடுகிறார். அடுத்த தேர்தலுக்குள் பத்துக் கொட்டகைகள் ஆகின்றன, தெருவிளக்கு வருகிறது. பிறகு குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை. பின்னர் வீட்டு வரி ரசீது. அதைக் காட்டினால் மின் இணைப்பு. ஓலை போய்ச் சிமெண்ட் அட்டை வருகிறது. அட்டை போய்த் தளம் வருகிறது. ஒரு தேர்தலில் சிமெண்ட் சாலை. மறு தேர்தலில் பட்டா வாக்குறுதி. இவற்றில் எந்த ஒன்றையும் தனியே எடுத்துக் குற்றம் என்று சொல்ல நமக்கு நா எழுமா? இருட்டில் தவிக்கும் வீட்டுக்கு மின்சாரம் தருவது அறமன்றோ? ஒவ்வொன்றும் ஓர் இரக்கச் செயல். அந்த இரக்கச் செயல்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால், ஒரு குடும்பம் பாறைக்கு அடியில் நிலையாகக் குடியேற்றப்பட்டிருக்கிறது.

நம் மறையுரைகளில் இரக்கத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். மறுப்பும் இரக்கத்தின் ஒரு முகமாக இருக்கக்கூடும் என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. தொடக்கத்திலேயே ‘இங்கே வேண்டாம், அங்கே வா’ என்று சொல்லி, அந்த ‘அங்கே’யைக் காட்டியிருந்தால் அது இரக்கம். அது மூன்றாண்டு, ஐந்தாண்டு உழைப்பைக் கோரும். நிலம் தேட வேண்டும், பணம் ஒதுக்க வேண்டும், பிறர் பகையைச் சம்பாதிக்க வேண்டும். தெருவிளக்குப் போடுவது ஒரு வார வேலை.

இங்கே ஓர் இடர்ப்பாடு இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. ‘மறுக்கத் துணிந்தவர்’ என்று நாம் புகழ்ந்துகொண்டிருக்கும்போதே, நம் நாட்டில் மறுப்பு எப்போதும் ஏழையின் வீட்டு வாசலில்தான் தொடங்குகிறது என்ற உண்மை குறுக்கே வந்து நிற்கிறது. சென்னையில் கூவம், அடையாறு ஓரங்களில் வாழ்ந்தவர்களை வெள்ள ஆபத்தைக் காட்டி அப்புறப்படுத்தினார்கள். எங்கே கொண்டுபோய்க் குடியேற்றினார்கள்? கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும். வேலைக்குப் போகும் இடத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் அப்பால். அதுவும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்ந்த பகுதியில். அதே சதுப்பு நிலத்தைச் சுற்றி எழுந்த பெரிய கட்டடங்களை எந்தப் புல்டோசரும் தொடவில்லை. திருவண்ணாமலையிலும் மலையைச் சுற்றி ஏழையின் குடிசை மட்டுமா இருக்கிறது? விடுதிகள் இருக்கின்றன, பண்ணை வீடுகள் இருக்கின்றன, நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்கு நீர் உறிஞ்சும் குழாய்கள் இருக்கின்றன. முதல் மறுப்பை வலியவனிடம் சொல்லத் துணியாதவர், எளியவனிடம் சொல்லும் மறுப்புக்குச் சுற்றுப்புறச் சூழல் என்று பெயர் சூட்டினால், அதை நாம் ஏற்க வேண்டியதில்லை.

ஆயின், நேர்மையாக மறுத்தவருக்கு நாம் என்ன கைம்மாறு செய்திருக்கிறோம்? இதற்கு அண்டை மாநிலத்தில் ஒரு கதை இருக்கிறது. கத்தோலிக்கராகிய நமக்கு அது கசப்பானது. ஆதலால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையை ஆராய்ந்த மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011ஆம் ஆண்டு ஆகஸ்டில் தன் அறிக்கையை அளித்தது. மலைத்தொடரை அதன் நலிவுக்கேற்ப மூன்று மண்டலங்களாகப் பிரித்து, எங்கே என்ன செய்யலாம், என்ன செய்யலாகாது என்று அது வரையறுத்தது. அந்த வரையறைகளையும் கிராம சபைகளின் முன் வைத்து விவாதிக்க வேண்டும் என்றது. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களைக் கயவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. உணவுப் பஞ்சக் காலத்தில் அரசே ஊக்குவித்து மலையேற்றிய குடியேறிகளின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அவர்கள். இரண்டு மூன்று ஏக்கரில் மிளகும் ஏலமும் வைத்து வாழ்பவர்கள். பட்டாவுக்காகப் பல்லாண்டு காத்திருந்தவர்கள். அறிக்கை வந்தால் வீடு போகும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. சொன்னவர்களில் நம் திருச்சபையின் மேய்ப்பர்களும் இருந்தார்கள்.

அப்போது இடுக்கியின் நாடாளுமன்ற உறுப்பினர் பி.டி. தாமஸ். காங்கிரஸ்காரர், இடுக்கி மண்ணிலேயே பிறந்த குடியானவர் மகன். காட்கில் அறிக்கை ஏற்கப்பட வேண்டும் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். தம் கட்சி சொல்லாதே என்றபோதும் சொன்னார். அவர் உயிரோடு இருக்கும்போதே அவருக்குப் பாடை கட்டி இறுதி ஊர்வலம் நடத்தினார்கள். குருக்களும் அதில் நடந்தார்கள். 2014ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய கட்சி அவருக்கு மீண்டும் வாய்ப்பளிக்கவில்லை. எதிர்ப்பியக்கத்தின் ஆதரவோடும் இடதுசாரிகளின் ஆதரவோடும் நின்ற சுயேச்சை வேட்பாளர் அத்தொகுதியில் வென்றார். தாமஸ் பின்னர் எர்ணாகுளம் பக்கத்துத் திருக்காக்கரையில் 2016இலும் 2021இலும் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தாம் சொன்னதை ஒருபோதும் திரும்பப் பெறவில்லை. 2021 டிசம்பரில் அவர் காலமானபோது, சமயச் சடங்கு எதுவும் வேண்டாம் என்பது அவர் விட்டுச்சென்ற விருப்பமாக இருந்தது. 2024 ஜூலை 30ஆம் நாள் விடியுமுன் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வயநாடு வேறு, இடுக்கி வேறு. அறிக்கையை ஏற்றிருந்தால் அந்தச் சாவுகள் நேர்ந்திருக்கமாட்டா என்று நாம் சொல்லத் துணியவில்லை. ஆனால் அந்த விடியற்காலைக்குப் பிறகு கேரளத்தில் பலரும் நினைவுகூர்ந்த பெயர்களில் தாமஸின் பெயரும் ஒன்று.

அந்த மக்களுடைய அச்சத்தைக் கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பட்டாவை உறுதி செய்துவிட்டு, பிறகு சரிவைக் காக்கும் விதியை அமர்ந்து பேசியவர்கள் இல்லை. அச்சத்தை வாக்காக மாற்றுவது எளிது. ஒரு விதியை மக்கள் தமதாக ஏற்கும்படி விளக்குவதற்குப் பல மாலைநேரங்களைச் செலவிட வேண்டும்.

மக்கள் மறுப்பை ஏற்கவேமாட்டார்கள் என்று அரசியலாளர் சொல்வது முழு உண்மையன்று என்பதற்குத் திருவண்ணாமலையிலேயே சான்று உண்டு. நிலச்சரிவு நிகழ்ந்து இரண்டு வாரங்களுக்குள் கார்த்திகைத் தீபம் வந்தது. 2024 டிசம்பர் 13. வழக்கமாக அந்நாளில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான பக்தர்களை மலையேற அனுமதிப்பதுண்டு. அந்த ஆண்டு புவியியல் வல்லுநர்கள் மலையை ஆய்ந்து, மண் இளகியிருக்கிறது என்று தெரிவித்தனர். தீபம் ஏற்றும் பணிக்கு இன்றியமையாதவர்கள் மட்டும் ஏறினால் போதும், பக்தர்கள் ஏற வேண்டாம் என்று அரசு அறிவித்தது. எத்தனை ஆண்டு நேர்த்தி, எத்தனை வேண்டுதல்! மக்கள் அம்மறுப்பை ஏற்றுக்கொண்டார்கள். மலைமேல் தீபம் எரிந்தது. கீழிருந்தே கண்டு தொழுதார்கள். ஏன் ஏற்றார்கள்? காரணம் சொல்லப்பட்டது. அறிந்தவர்கள் நேரில் சென்று பார்த்துவிட்டுச் சொன்னார்கள். விதி பணக்காரப் பக்தனுக்கும் ஏழைப் பக்தனுக்கும் ஒன்றாயிருந்தது. இத்தகைய மறுப்பு மக்களை அவமதிப்பதில்லை. பெரியவர்களிடம் பேசுவதுபோல் அது அவர்களிடம் பேசுகிறது.

அரசு நமக்கு மறுப்பது ஒரு வகை. நாம் அரசுக்கு மறுப்பது மற்றொரு வகை. திருவண்ணாமலை வட்டாரம் இரண்டாவதையும் அறியும். நகருக்கு அருகேயுள்ள கவுத்தி மலை, வேடியப்பன் மலை ஆகியவற்றில் இரும்புத் தாது இருக்கிறது. மாநில அரசின் நிறுவனமும் தனியார் உருக்காலை நிறுவனமும் கூட்டாக, 325 எக்டேர் காட்டு நிலத்தில் அதை வெட்டி எடுக்கத் திட்டமிட்டன. 2008 டிசம்பரில் நடந்த பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் சுற்றியுள்ள ஊர்மக்கள் திரண்டு வந்து வேண்டாம் என்றனர். சுரங்கம் வரவில்லை. அம்மக்களில் பெரும்பாலோர் சுற்றுச்சூழல் என்ற சொல்லைப் பள்ளியில் படித்தவர்கள் அல்லர். மலைமேல் இருக்கும் வேடியப்பனையும், மலையிலிருந்து ஏரிக்கு வரும் ஓடையையும், ஆட்டுக்குத் தழையையும் அறிந்தவர்கள்.

அதே மாவட்டத்தின் வடபகுதியில், செய்யாற்றுக்கு அருகே மேல்மா சுற்றுவட்டாரத்தில் 3,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைச் சிப்காட் தொழிற்பேட்டை விரிவாக்கத்துக்காகக் கையகப்படுத்த அரசு முற்பட்டபோது, 2023 ஜூலையில் உழவர்கள் காத்திருப்புப் போராட்டம் தொடங்கினர். அவ்வாண்டு நவம்பரில் இருபது பேர் கைதாயினர். எழுவர்மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்த பின் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. நாபோத்தின் திராட்சைத் தோட்டக் கதையை நாம் வாசகமாகக் கேட்கிறவர்கள். அரசனே வேறு நல்ல தோட்டம் தருவதாகச் சொன்னான், விலையும் பேசினான். நாபோத்து மறுத்தான். விவிலியம் அந்த மறுப்பைப் பிடிவாதமாகக் கருதவில்லை. எனினும் இங்கும் மறுபக்கம் உண்டு. செய்யாற்றுக் காலணித் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் மாதச் சம்பளம் பெறுகிறார்கள்; அவர்களில் பலர் நிலமற்ற வீட்டுப் பிள்ளைகள். நிலம் உள்ளவன் தன் நிலத்தைக் காப்பதும், நிலம் இல்லாதவள் தன் பிழைப்பைத் தேடுவதும் ஆகிய இரண்டும் நியாயமே. எந்த நிலம், எத்தனை போகம் விளையும் நிலம், தரிசு வேறெங்கும் இல்லையா என்று கேட்டு விடை பெறுவதற்குப் பதில், கேட்டவனைக் குண்டன் என்பது மட்டும் எவ்வகையிலும் நியாயமாகாது.

நம் வாக்கின் எல்லையைப் பற்றியும் சற்று எண்ண வேண்டும். தென்பெண்ணையின் குறுக்கே 1958இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணை திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. 2024 டிசம்பர் 2ஆம் நாள் அதிகாலையில் அந்த அணையிலிருந்து வினாடிக்கு 1.68 இலட்சம் கனஅடி நீர் திறக்கப்பட்டது. திறக்காவிடில் அணைக்கே ஆபத்து. நீர் போய்ச் சேர்ந்தது விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கு. உரிய முன்னெச்சரிக்கை தரப்பட்டதா என்பது குறித்து ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சிகளும் சட்டமன்றத்தில் மோதிக்கொண்டன. அந்த வழக்காடலை விட்டுவிடுவோம். மேல்நிலத்தில் காடு குறைந்தால், ஏரிகள் தூர்ந்தால், ஓடைகள் மனைகளானால், வெள்ளம் விரைந்து திரண்டு கீழே போகிறது. மேலே இருப்பவர் ஒரு தொகுதியின் வாக்காளர். கீழே மூழ்குபவர் வேறு தொகுதியின் வாக்காளர். மேலேயிருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்குக் கீழேயிருப்பவரின் வாக்கு ஒரு நாளும் தேவைப்படாது. அவருக்காகப் பேசக்கூடியவர் மேலேயிருக்கும் வாக்காளர் ஒருவரே.

தொலைவில் மூழ்குபவர், பதினெட்டு வயது ஆகாதவர், இன்னும் பிறக்காதவர் ஆகிய மூவரும் நம் தேர்தலுக்கு வெளியே நிற்கிறார்கள். மாறிவரும் காலநிலையின் சுமையில் பெரும்பங்கு இவர்கள்மேல்தான் விழப்போகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏடு, வாக்களிப்பதை உரிமையாக மட்டுமன்றிப் பொதுநலனுக்கான கடமையாகவும் காட்டியது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் ‘லௌதாதோ சி’ சுற்றுமடலில், அடுத்த தலைமுறைக்கு நாம் செய்ய வேண்டியது தருமமன்று, நீதி என்னும் பொருள்பட எழுதினார். உடனடிப் பயன்களையே நாடும் தேர்தல் அரசியல் நீண்டகாலப் பார்வையை இழப்பதையும் கண்டித்தார். பொதுநலன் என்பதில் அடங்கும் ‘பொது’ யார் யார் என்று கேட்டால், வாக்காளர் பட்டியலைவிட அது நீளமாக இருக்கிறது. வங்கியில் பிறர் பணத்தை வைத்திருக்கும் காப்பாளரைப்போல, பிறருடைய வாக்கையும் சேர்த்து நாம் கையில் வைத்திருக்கிறோம். காப்பாளர் தம் ஆசைக்கு அப்பணத்தைச் செலவிட்டால் அதற்கு நாம் என்ன பெயரிடுவோம் என்பது வாசகர் அறிந்ததே.

‘மறுக்கத் துணிந்தவர் எங்கள் தொகுதியில் எவரும் நிற்கவில்லையே’ என்று வாசகர் சொல்லலாம். பெரும்பாலும் நிற்பதில்லை. 2013 முதல் எவருக்கும் வாக்கில்லை என்று சொல்லும் பொத்தானும் இயந்திரத்தில் இருக்கிறது. அதை அழுத்திவிட்டு மனநிறைவோடு வீடு திரும்புவது நமக்குப் போதுமானதாகப் படவில்லை. வேட்பாளரை ‘ஆகட்டும்’ என்று சொல்லவைப்பது நம் கோரிக்கைதான். சரிவில் பட்டா கேட்டு நூறு பேர் சென்றால் அவர் மறுக்கமாட்டார், மறுத்தால் தோற்பார். அதே நூறு பேர், ‘சரிவில் எங்களுக்குப் பட்டா வேண்டாம், ஊருக்குள், வேலைக்கு நடந்து போகும் தொலைவில், இதே அளவு மனை தாருங்கள், அது தரும்வரை எங்கள் கூரைமேல் கைவைக்காதீர்கள், மலையோரத்து விடுதிக்கும் இதே விதியைச் சொல்லுங்கள்’ என்று சென்றால், அவர் மறுப்பதற்கும் ஏற்பதற்கும் புதிய பொருள் உண்டாகிறது. இக்கோரிக்கையை எழுதிக் கொடுக்க நம் பங்குகளில் ஆள் இருக்கிறார்கள். அன்பியக் கூட்டங்களில் இதைப் பேசினால் அரசியல் கலந்துவிடும் என்று அஞ்சுகிற நாம், கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் கேட்டுச் சட்டமன்ற உறுப்பினரைச் சந்திக்கத் தயங்கியதில்லை.

நம் நிறுவனங்களையும் இக்கணக்கிலிருந்து விலக்க முடியாது. ஏரிப் பரப்பையொட்டி நம் பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டுமென்று கேட்கும்போதும், வரைபடத்தில் ஓடை என்றிருப்பதைப் பாதையாக மாற்றித்தரக் கேட்கும்போதும், நாமும் அதே ‘ஆகட்டும்’ வரிசையில் நிற்கிறோம். நம்மிடம் ‘இல்லை, தர இயலாது’ என்று சொன்ன வட்டாட்சியரைப் பற்றி நம் கூட்டங்களில் எப்படிப் பேசினோம் என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் அக்டோபரில் தொடங்குகிறது. தேர்தல் நடப்பது கோடையில். 2021இல் ஏப்ரல் 6. வாக்குக் கேட்டு வருகிறவர்கள் அடி அண்ணாமலைக்குள் நுழையும்போது வானம் வெளுத்திருக்கும், ஓடைகள் வறண்டிருக்கும், பாறைகள் அசையாமல் இருக்கும். அப்போது அவர்களிடம் கேட்பதற்கு மூன்று கேள்விகளை நாம் முன்வைக்கிறோம். மலையின் எந்த உயரத்துக்கு மேல், எந்தச் சரிவுக்கு மேல் எவருக்கும் கட்ட அனுமதியில்லை என்று நீங்கள் எழுதித் தருவீர்களா? இப்போது அங்கே வாழும் குடும்பங்களுக்கு ஊருக்குள் எந்தச் சர்வே எண்ணில் இடம் பார்த்து வைத்திருக்கிறீர்கள்? அந்தப் பட்டியலில் முதலில் அகற்றப்படப்போவது யாருடைய கட்டடம்?

மூன்றாவது கேள்விக்கு அவர் சொல்லும் விடையைக் கவனமாகக் கேட்போம்.